கிளி பிடிக்கப் போன அப்பா

மாதா துணை
தூத்துக்குடி

அன்பு மகன் இனிகோவுக்கு அம்மா எழுதுவது. மாதா தயவில் நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம், கனடாவில் நீயும் விஜிலாவும் சுகமாக இருக்கத் தினமும் ஜெபமாலை சொல்கிறேன். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

அப்பா நடக்கமாட்டேன் என்கிறார், சர்க்கரை ஏறுகிறது என்று நான் புலம்பியதற்கு, போன வருஷம் அவர் போனில் ஒரு விளையாட்டை ஏற்றச் சொன்னாயே, வெளியே நடந்தால்தான் திரையில் கிளி வரும், தட்டிப் பிடிக்கவேண்டும் என்று. நாற்காலியை விட்டு எழும்பாத மனுஷன் அதற்குப் பிறகு காலையும் மாலையும் கடற்கரைச் சாலையிலேயே கிடந்தார். சர்க்கரை இறங்கியது, தொப்பை கரைந்தது, சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகி நான்தான் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். பிடித்த கிளியையெல்லாம் உனக்குப் படம் அனுப்புவார், நீ பதில் போடாவிட்டால் "அவனுக்கு வேலை இருக்கும்ளா" என்பார்.

கூட நடக்கிறவர்களுக்கு இவர் ஒரு வேடிக்கை. ஹார்பரில் அவரோடு வேலை பார்த்த சிவனாண்டி போன வாரம், "அண்ணாச்சி, பாறைக் கடைசியில தங்கக் கிளி நிக்கி, என் போன்ல காட்டுது, சீக்கிரம் போங்க" என்றிருக்கிறார். அவர் போனில் அந்த விளையாட்டே கிடையாது. இவர் நம்பிப் பாசி பிடித்த பாறையில் போனை நீட்டிக்கொண்டே போக, அவர்கள் பின்னால் நின்று வீடியோ எடுத்திருக்கிறார்கள். வழுக்கி விழுந்தார். எழும்பமுடியாமல் கிடக்கும்போதும் அதில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. இடுப்பெலும்பு உடைந்து ஆபரேஷன் ஆகிவிட்டது, இனி கைத்தாங்கல் இல்லாமல் நடக்கமுடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சிவனாண்டி ஆப்பிள் பையோடு வந்து "வெளாட்டுக்குச் செஞ்சோம் மைனி" என்றார், பையை வராந்தாவில் வீசினேன்.

அந்த வீடியோ ஊர் சுற்றி உங்கள் பள்ளிக்கூடக் கூட்டாளிகள் குரூப்புக்கும் வந்தது. முகம் தெரியாது, முதுகு மட்டும்தான். "யாருலே இந்தக் கிழவன், கிளிக்காகக் கடல்ல பாயுதான்" என்று நீ சிரிப்புப் பொம்மை போட்டு எழுதியிருந்தாய். பார்க்க வந்த உன் கூட்டாளி அனிஷின் போனில் அப்பா அதைப் பார்த்துவிட்டார். நான் பதறிப்போய்ப் பிடுங்கப் பார்த்தேன், விடவில்லை, திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு "ஏளா, பெத்த பிள்ளைக்கே அடையாளம் தெரியல பாத்தியா, அவ்வளவு மெலிஞ்சிட்டேன்" என்று சிரித்தார்.

அதனால் நீ மன்னிப்புக் கேட்டு அழாதே, எழுதியதை அழிக்கவும் செய்யாதே. அவருக்கு மிஞ்சியிருக்கிற சந்தோஷம் அதுதான், அதையும் பிடுங்கிவிடாதே. இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் வீடியோவில் கூப்பிட்டு, எப்படிப்பா இவ்வளவு மெலிஞ்சீங்க என்று ஆச்சரியமாகக் கேள். நான் பக்கத்தில் உட்கார்ந்து உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

குளிரில் தலையை மூடிக்கொண்டு போ. மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும்.

உன்னைப் பெற்ற அம்மா
பிளாரன்ஸ்