மூன்று வாரம் காய வேண்டும்

அன்புள்ள பெரியவளுக்கு,

எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். இது தம்பியைப் பற்றி, போனில் சொன்னால் அவன் காதில் விழும் என்பதால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். இன்று மதியம் பெயின்ட் கடைக்காரர் உறுதியாகச் சொல்லிவிட்டார், கடைசிப் பூச்சு அடித்தபின் கிடாரை மூன்று வாரம் தொடக்கூடாது. நடுவில் செய்ய ஏதாவது வேலை உண்டா என்று கேட்டேன். “சும்மா இருக்கிறதுதான் சார் வேலை” என்று சிரித்தார்.

சாலை விபத்தில் போன அவன் சிநேகிதனுடைய கிடார் அது. விலை குறைந்த சாமான், மேலே கண்ணாடி மாதிரி ஒரு மினுக்கு. அதை எடுத்துவிட்டு மரம் தெரிய மெல்லிசாகப் பூச வேண்டும் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்களாம். ஐந்து மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவன், போன மாதம் எழுந்து அந்த வீட்டாரிடம் கேட்டு வாங்கி வந்து கம்பிகளைக் கழற்றினான். பெயின்ட் உரிக்கிற திரவத்துக்கு அந்த மினுக்கு அசையவில்லை, எல்லாம் உப்புத்தாள்தான். காலை எட்டு மணிக்கு முகமூடி கட்டிக்கொண்டு பால்கனியில் உட்காருகிறான், கூப்பிட்டால் சாப்பிட வருகிறான், குளிக்கிறான். ஓரிடத்தில் அதிகம் தேய்த்து, மேலே ஒட்டியிருந்த காகிதம் போன்ற மரத்தோல் போய் அடியிலிருக்கிற பிளைவுட் வெளுப்பாகத் தெரிந்துவிட்டது. அன்று முழுக்க இடிந்துபோய் உட்கார்ந்திருந்தான். அம்மாதான் எட்டிப் பார்த்து, “தேமல்டா, மனுஷனுக்கே வருது” என்றாள். “அப்ப களிம்பு வாங்கிட்டு வாம்மா” என்றான். அவள் சமையலறைக்குள் போய் அழுததை அவன் பார்க்கவில்லை.

முந்தாநாள் என்னிடம், “இத முடிச்சு அவங்க வீட்ல குடுத்துட்டா போதும்ப்பா, அதுக்கப்புறம் எனக்கு எதுவும் பாக்கி இல்ல” என்றான். அமைதியாகச் சொன்னான், அதுதான் பயமாக இருக்கிறது. திருகு ஆடுகிறது என்று பொய் சொல்லி அவன் அறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். நேற்று பூச்சு காய்வதற்குள் வேண்டுமென்றே அதன்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன், அவன் மறுபடி தேய்க்கட்டுமே என்று. “என்னப்பா, கைநாட்டு வச்சுட்டீங்க” என்றவன் வேறொன்றும் கேட்காமல் உப்புத்தாளை எடுத்தான். ஒரு நாள் கிடைத்தது. இந்த வயதில் நாளைத் திருடிக்கொண்டிருக்கிறேன் மகளே, எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நீ வா. புத்தி சொல்ல வேண்டாம், சின்ன வயதில் போட்ட மாதிரி அவனோடு சண்டை போடவாவது வா. அந்த மூன்று வாரம் வீட்டில் இன்னொரு குரல் வேண்டும். நீயும் உன் வீடும் எந்தக் குறையுமில்லாமல் இருக்க எங்கள் இருவருடைய ஆசீர்வாதம். கிளம்புவதானால் விமான நிலையத்துக்கு நீ வண்டி ஓட்டாதே, மாப்பிள்ளை ஓட்டட்டும்.

மனநல மருத்துவரிடம் திங்கட்கிழமை பத்தரைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். “பாக்கலாம்” என்றான், வருகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை. உன் லீவுக்கு வெள்ளிக்கிழமை மாலை பதில் வரும் என்று அம்மாவிடம் சொன்னாயாம். கடைசிப் பூச்சு சனிக்கிழமை காலை.

உன்,
அப்பா