யாரும் நடுங்காத வாரம்

5-1-59, திங்கள்

நல்ல பனி. டவுன் பஸ் லேட். வெளுக்கப் போட்ட ஆபரேஷன் தியேட்டர் துணி வந்தது, இரண்டில் கறை போகவில்லை.

மருங்காபுரிக்காரர், குடலிறக்கம். மயக்கம் தெளிந்ததும் நடுங்குவார் என்று கம்பளியோடு நின்றேன். நடுங்கவில்லை. கண்ணைத் திறந்து, "சோறு எப்பங்க தருவீங்க?" என்கிறார். நடுங்காமல் எழுந்ததில் வரிசையாக நாலாவது ஆள்.

எல்லாம் சரோஜா பண்ணுகிற வேலை. எடமலைப்பட்டி புதூர்ப் பெண், நர்ஸாக வந்து ஆறு மாதம்தான். நம் ஜனங்கள் ஆபரேஷன் என்றால் கோயிலுக்குப் போகிற மாதிரி பச்சைத்தண்ணீரில் தலை முழுகிவிட்டு ஈரத்தலையோடு வந்து படுப்பார்கள். இவள் அதை நிறுத்திவிட்டாள். முதல் நாள் சாயங்காலமே வெந்நீர்க் குளியல், தலை காய வைப்பது. மறுநாள் ஒரு மணி நேரம் கம்பளி, காலடியில் வெந்நீர்ப் பை. கதகதவென்று தியேட்டருக்கு அனுப்புகிறாள். பதினாறு வருஷமாக நானும் அந்த ஈரத்தலைகளைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்? எனக்கு ஏன் தோன்றவில்லை?

டாக்டர், எல்லார் எதிரிலும்: "சகாயம், சரோஜாகிட்ட கத்துக்குங்க."

கத்துக்கணுமாம். நான்.

6-1, செவ்வாய்

வாங்க வேண்டியது: சோப்பு, மெழுகுவத்தி, பேனா மசி.

வயிற்றெரிச்சலை இங்கேயாவது எழுதுகிறேன். முன்பெல்லாம் ஆபரேஷன் முடிந்து வந்தவர்கள் நடுங்குகிற நடுக்கத்தில் கட்டிலே கடகடவென்று ஆடும். "சகாயம் சிஸ்டரக் கூப்பிடுங்க" என்று சத்தம் வரும். போய்க் கம்பளிமேல் கம்பளி போட்டு, உள்ளங்காலைத் தேய்த்து, கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பேன். உறையூர் நெசவுக்காரர் ஒருவர், "உங்க கை பட்டப்புறம்தாங்க உசிரே வந்துச்சு" என்று தான் நெய்த சேலையையே கொண்டுவந்து கொடுத்தார். இப்போது யாரும் நடுங்குவதில்லை. என்னை யாரும் கூப்பிடுவதில்லை.

பெரிய சிஸ்டர் பொங்கலோடு ஓய்வு. அடுத்து தியேட்டர் பொறுப்பு யாருக்கு என்று சனிக்கிழமை டாக்டர் சொல்வார். போன மாதம்வரை இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

8-1, வியாழன்

தலைவலி. காப்பி இரண்டு தரம்.

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு மாமி வந்து படுத்திருக்கிறார். கர்ப்பப்பை ஆபரேஷன், நாளைக் காலை. சாயங்காலம் சரோஜா வெந்நீரில் குளிக்க வைத்தாள். மாமி ஒரே முணுமுணுப்பு.

போகும்போது சொன்னாள்: "அக்கா, நான் வர ஏழு மணி ஆயிடும். அதுக்குள்ள மாமி குளிக்கணும்பாங்க. விட்டுடாதீங்க."

சரி என்றேன்.

9-1, வெள்ளி

ஐந்து மணிக்கு நான் வார்டுக்குப் போனபோதே மாமி எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, மார்கழி மாசம், வெள்ளிக்கிழமையும் அதுவுமா, ஸ்நானம் பண்ணாம எப்படிப் போய்ப் படுத்துப்பேன்? பெருமாளை எப்படி நினைச்சுப்பேன்? அந்தப் பொண்ணு கூடவே கூடாதுங்கறா. நீ பெரியவ, நீ சொல்லு."

நீ பெரியவ. அந்த ஒரு வார்த்தை போதும்.

"தாராளமா குளிங்க மாமி" என்றேன். கிணற்றில் நானே இறைத்துக் கொடுத்தேன். வாளியைத் தொட்டால் விரல் விறைக்கிறது. ஈரத்தலையைத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டதும் நான்தான். ஏழு மணிக்கு வந்த சரோஜா அதைக் கவனிக்கவில்லை. எப்போதும்போல் கம்பளி, வெந்நீர்ப் பை.

மயக்கம் தெளிந்ததும் நடுக்கம். அப்படியொரு நடுக்கம். பல் கிட்டி, உதடு நீலம் பூத்து, "தையல் இழுக்கறதே, பெருமாளே" என்று அலறல். டாக்டர் சரோஜாவைப் பிடித்துக்கொண்டார்: "எங்கம்மா போச்சு உன் வெந்நீரு?" அழுதுவிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை.

"சகாயம் சிஸ்டரக் கூப்பிடு!" இதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. ஓடினேன். கம்பளி, உள்ளங்கால். அடங்க ஒரு மணி நேரம். மாமி என் கையை விடவே இல்லை.

சந்தோஷமாக இருந்தது. எழுதக் கூசுகிறது, ஆனால் இருந்தது. மாதாவே, மன்னியும்.

10-1, சனி

வெயில் சுள்ளென்று. மாமி தேறிவிட்டார்.

ரவுண்ட்ஸ் வரும்போது வார்டு வாசலில் டாக்டர் சாவிக்கொத்தை என்னிடம் நீட்டினார். "பொங்கலுக்கப்புறம் தியேட்டர் உங்க பொறுப்பு." பின்னால் சரோஜா, கண் வீங்கி.

எங்களைப் பார்த்ததும் மாமி: "டாக்டர், இந்தச் சகாயத்தை நன்னா வெச்சுக்கோங்கோ. நேத்து அந்தக் குளிர்ல எனக்காகத் தானே ஜலம் இறைச்சு ஸ்நானம் பண்ண வெச்சா. தலையைக்கூட அவளே கட்டிவிட்டா. புண்ணியவதி!"

டாக்டர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"நான்தான் டாக்டர் சொன்னேன்," என்றாள் சரோஜா. "மாமி ரொம்ப ஆசைப்பட்டா குளிக்க வைங்கன்னு அக்காகிட்ட நான்தான் சொல்லிட்டுப் போனேன்."

"உனக்கு இன்னும் பொறுப்பு வரலம்மா" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

வெளியே பிடித்துக் கேட்டேன்: "ஏண்டி அப்படிச் சொன்னே?"

"உங்களுக்குப் பதினாறு வருஷம் அக்கா. எனக்கு ஆறு மாசம்தானே. திட்டு வாங்கினா என்ன போச்சு?" வெந்நீர் போடப் போய்விட்டாள்.

சாவி என்னிடம். திங்கட்கிழமை இரண்டு ஆபரேஷன். நல்லவளாக இருப்பதிலுமா அவளுக்கு முதலிடம்? பற்றிக்கொண்டு வருகிறது.