ஏலகிரி நிலையத்தின் இரண்டு சாவிகள்

மேல்விஷாரம்
27.10.2025

அன்புள்ள பாரதிக்கு,

நான் நலம். நீயும் கோபி அண்ணனும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். விசா வந்துவிட்டதடி. நவம்பர் இருபதாம் தேதி விமானம். அடிஸ் அபாபாவில் ஷூ கம்பெனிக்குப் பக்கத்திலேயே ஃபஹீம் வீடு பார்த்து, கேஸ் அடுப்பு வரைக்கும் வாங்கி வைத்துவிட்டார். இரண்டு வருஷம் போனில் குடும்பம் நடத்தியது போதும் என்றிருக்கிறது.

அதற்குள் நம் கதையை முடித்தாக வேண்டும். ஆம்பூரில் நாம் பக்கத்துப் பக்கத்து மெஷினில் ஷூவுக்கு மேல்பாகம் தைத்தபோது, போனைக் கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பதால், ஷூக் கட்டோடு வரும் லாட் கார்டின் பின்பக்கத்தில் கிறுக்க ஆரம்பித்த கதை. என் கல்யாணத்துக்குப் பிறகும் தபாலில் ஓடுகிறது. ஆறு வருஷமாகிவிட்டது.

இப்போது நிலைமையைப் பார். கருங்கப்பல்காரர்கள் நாற்பது நாளாக ஏலகிரி விண்வெளி நிலையத்தைச் சுற்றி வளைத்து நிற்கிறார்கள். நிலையம் அவர்கள் கையில் சிக்கினால் பூமிக்கு வரும் வழி தெரிந்துவிடும். பன்னிரண்டு பேர் தப்பிக்கும் படகில் ஏறி உட்கார்ந்தாயிற்று. என் கேப்டன் குர்ஷித் மேல்தளத்தில் சாவியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கீழ்த்தளத்தில் இருக்கும் உன் இன்ஜினியர் கெங்கம்மாள் அதே நேரத்தில் தன் சாவியைத் திருப்பினால்தான் பத்து நிமிஷத்தில் நிலையம் வெடிக்கும். அதற்குள் இருவரும் ஓடிவந்து படகில் ஏற வேண்டியதுதான். உன் ஆளை நான் நகர்த்தக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டோம், இல்லையென்றால் நானே திருப்பியிருப்பேன். சீக்கிரம் எழுது.

உன்
அஃப்ஷா


ஜோலார்பேட்டை
1.11.2025

அன்புள்ள அஃப்ஷா,

விசா வந்தது ரொம்ப சந்தோஷம். குளிர் ஊராம், நல்ல ஸ்வெட்டராகப் பார்த்து வாங்கு. இங்கே மழை. பாசஞ்சர் ரயிலில் போய்வருவதற்குள் தினமும் நனைந்துவிடுகிறேன்.

கெங்கம்மாள் சாவியறைக்குப் போனாள். போகிற வழியில் தன் விண்வெளி உடுப்பைப் பார்த்தால், வலது கையுறையில் தையல் விட்டிருக்கிறது. பிரிந்த தையலோடு படகில் ஏறினால் காற்றுப் போய்விடாதா? உட்கார்ந்து தைக்கிறாள். இரட்டைத் தையல், அதனால் நேரமாகும். குர்ஷித்தைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்.

அன்புடன்
பாரதி


மேல்விஷாரம்
5.11.2025

அன்புள்ள பாரதி,

போன மாசம் உன் கெங்கம்மாளுக்குக் கதவு மாட்டிக்கொண்டது. அதற்கு முன்னால் சாவியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடினாள். இப்போது கையுறை. குர்ஷித்துக்குக் கால் மரத்துப்போய்விட்டது.

கதையை என் மாமியாருக்கும் படித்துக் காட்டுவேன் இல்லையா, உன் கடிதம் வந்ததும் அன்வரி பேகம் அம்மா கேட்ட முதல் கேள்வி, “இன்னா, அவ இன்னும் திருப்பலியா? ரொம்ப பேஜாரு பண்றாளே அந்தப் பொம்பள.” நான் என்ன பதில் சொல்வது? படகில் உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு பேரை நினைத்துப் பார்.

உண்மையைச் சொல். கையுறை சாக்குத்தானே?

உன்
அஃப்ஷா


ஜோலார்பேட்டை
8.11.2025

அன்புள்ள அஃப்ஷா,

ஆமாம், சாக்குத்தான்.

கோபி கூட நேற்றுச் சிரித்தார். “அந்தம்மாவ வெடிக்கத்தான் வுடேன், இன்னாத்துக்கு இழுத்துனு கீற?” என்றார். நான் சோறு போட்டேன்.

நான் சாவியைத் திருப்பிவிட்டால் அதற்குப் பிறகு நீ எனக்கு எதற்கு எழுதுவாய்? என்னிடம் என்ன இருக்கிறது எழுத? காலையில் ரயில், பிறகு தையல் லைன், சாயங்காலம் ரயில். உனக்கோ புது ஊர், புது ஜனம். லைனை விட்டுப் போன எல்லோரும் மறக்க மாட்டேன் என்றுதான் சொன்னார்கள். நிலையம் இருக்கிறவரை நீ எனக்கு ஒரு பதில் பாக்கி வைத்திருப்பாய். அதுதான் காரணம். எழுதவே வெட்கமாக இருக்கிறது. கிழித்துப் போட்டுவிடு.

பாரதி


மேல்விஷாரம்
11.11.2025

என் அருமைப் பாரதி,

கிழிக்கவில்லை. உன் கடிதம் எதையும் நான் கிழித்ததில்லை. எல்லாம் பிஸ்கட் டின்னில் இருக்கின்றன, டின்னும் என்னோடுதான் வருகிறது. ஃபஹீம் எடை பார்த்து முறைக்கட்டும்.

நான் முடிக்கச் சொல்வதும் நீ பயப்படுகிற அதே விஷயத்துக்காகத்தான். பாதியில் விட்டுவிட்டு விமானம் ஏறினால், அங்கே போய் இன்றைக்கு எழுதலாம் நாளைக்கு எழுதலாம் என்று நான் தள்ளிப்போடுவேன். நீ கோபித்துக்கொள்வாய். அப்படியே ஆறிப்போகும். நம் கதைக்கு அந்தக் கதி வர நான் விடமாட்டேன். ஆறு வருஷம் எழுதினோம், ஒரு நல்ல முடிவாவது கொடுத்துவிட்டுப் போகிறேன்.

இனி இழுக்க வேண்டாம். வருகிற லீவு நாளில் நீயும் எழுது, நானும் எழுதுகிறேன். கடிதத்தின் தலையில் போடுகிற தேதிதான் கணக்கு. ஒரே தேதியில் இரண்டு சாவியும் திரும்பட்டும். போனிலோ நேரிலோ கதையைப் பேசக்கூடாது என்ற சட்டம் கடைசிவரை அப்படியே இருக்கட்டும். உன்னை நம்பியிருக்கிறேன்.

உன்
அஃப்ஷா


ஜோலார்பேட்டை
14.11.2025, வெள்ளி

அன்புள்ள அஃப்ஷா,

இன்று வெள்ளிக்கிழமை, உங்கள் ஊரில் லீவு. நாம் இருந்த பழைய கம்பெனியிலும் வெள்ளிதானே லீவு. இப்போது என் கம்பெனியில் ஞாயிறு என்பதால், வயிற்றுவலி என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீயும் இந்நேரம் தொழுகை முடிந்து, சமையலை ஒதுக்கிவிட்டு எழுதிக்கொண்டிருப்பாய்.

கெங்கம்மாள் கையுறையை மாட்டிக்கொண்டாள். சுவரைத் தொட்டுக் கும்பிட்டாள். ஆறு வருஷம் இருந்த இடமில்லையா? பிறகு சாவியைத் திருப்பினாள்.

திருப்பிவிட்டேன், அஃப்ஷா. அழுகை வந்தது, ஆனாலும் மனசு லேசாகத்தான் இருக்கிறது. உன் விருப்பத்துக்குக் குறுக்கே நான் நின்றதாக இருக்க வேண்டாம். போய் சந்தோஷமாக இரு.

பாரதி


மேல்விஷாரம்
16.11.2025, ஞாயிறு

அன்புள்ள பாரதி,

வெள்ளிக்கிழமையே பேனாவை எடுத்துவிட்டேன். “எழுதேன், இன்னிக்குத்தானே லீவு” என்றார் மாமியார். “பாரதிக்கு ஞாயித்துக்கெழமதான் லீவு, அவ வேலைய வுட்டு எப்டி எழுதுவா” என்று மூடி வைத்தேன். இரண்டு நாள் குர்ஷித்தோடு சேர்ந்து நானும் நின்றேன் என்று வைத்துக்கொள்.

இப்போது நீ பாசஞ்சருக்கு ஓடாமல் நிம்மதியாக உட்கார்ந்திருப்பாய். கெங்கம்மாளின் கை சாவியில் இருக்கும். பிஸ்மில்லாஹ். குர்ஷித் திருப்பிவிட்டாள்.

உன்
அஃப்ஷா


அடிஸ் அபாபா
1.12.2025

என் அருமைப் பாரதி,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். வீடு சின்னது, வெளிச்சமாக இருக்கிறது. ஃபஹீம் இளைத்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைக் கடிதத்தைத் திங்கள் காலையில் தபாலில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், உன் வெள்ளிக்கிழமைக் கடிதம் வாசலில் கிடக்கிறது. தேதியைப் பார்த்துவிட்டு மாமியாரிடம் ஓடிப்போய்க் காட்டினேன். நான் உன் லீவைப் பார்த்தேன், நீ என் லீவைப் பார்த்திருக்கிறாய். மாமியார் விழுந்து விழுந்து சிரித்தார். நீ என்னை வழியனுப்ப காட்பாடி ஸ்டேஷனுக்கு வந்தபோது இருவருக்கும் விஷயம் தெரியும், ஆனால் நம் சட்டப்படி இருவரும் வாயைத் திறக்கவில்லை. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஒரு சாவி மட்டும் திரும்பினால் என்ன ஆகும் என்று நாம் எழுதவே இல்லை, கவனித்தாயா? விமானத்தில் யோசித்துக்கொண்டே வந்தேன். இதுதான் நடந்தது. வெள்ளிக்கிழமை கெங்கம்மாள் திருப்பியதும் நிலையம் முழுக்க அபாயச் சங்கு அலறியது. கருங்கப்பல்காரர்கள் வெடிக்கப்போகிறது என்று பயந்து தூர ஓடினார்கள். வெடிக்கவில்லை. சனிக்கிழமை மெல்லத் திரும்பி வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் சங்கு. இந்தப் பொம்பளைகள் எந்த நேரத்தில் என்ன செய்வார்கள் என்று யாருக்குத் தெரியும், இவர்களோடு மல்லுக்கு நிற்க நம்மால் ஆகாது என்று மூட்டை கட்டிவிட்டார்கள். வானம் காலி. படகில் இருந்தவர்கள் இறங்கி வந்து குளித்தார்கள். குர்ஷித் ஒரு நாள் முழுக்கத் தூங்கினாள்.

முற்றுகை முடிந்துவிட்டது. கதையும் முடிந்துவிட்டது. இனி எனக்கு நீ பதில் பாக்கி இல்லை, உனக்கு நானும் இல்லை. ஆனாலும் ரயிலைப் பற்றி எழுது. லைனைப் பற்றி எழுது. நீ சாவியைத் திருப்பினாய் என்று படித்தபோது, என் மேல் இவ்வளவு அன்பு வைத்திருக்கிறாளே என்று அழுதேன். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உன்
அஃப்ஷா


ஜோலார்பேட்டை
24.12.2025

அன்புள்ள அஃப்ஷா,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. கோபிக்கும் படித்துக் காட்டினேன்.

இங்கே மழை நின்றுவிட்டது. லைனில் எனக்குப் பக்கத்து மெஷினுக்கு ஜஹீதா என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். நன்றாகத் தைக்கிறாள், ஆனால் வாய் மூடாது. நேற்று பாசஞ்சர் வாணியம்பாடிக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நின்றது. பெட்டியில் ஒருத்தி சாமந்திப்பூ மூட்டையைப் பிரித்து எல்லோர் மடியிலும் கொஞ்சம் போட்டு, கட்டிக் கொடுங்கள் என்று கேட்டாள். ஆம்பூர் வருவதற்குள் மூட்டை முழுவதையும் கட்டிவிட்டோம். எனக்கு இரண்டு முழம் சும்மா கொடுத்தாள். கோபிக்கு இரவு ட்யூட்டி பகலுக்கு மாறிவிட்டது, இப்போது சாயங்காலம் வீட்டில் இருக்கிறார். புதினா வைத்தேன், பிடித்துக்கொண்டது. உன் ஊரில் கறிவேப்பிலை கிடைக்கிறதா? அடுப்பு எப்படி எரிகிறது? ஃபஹீம் பாய் கொஞ்சமாவது தேறினாரா?

தாளின் இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டது. கெங்கம்மாள் ஒரு வரியில்கூட வரவில்லை.

உன்
பாரதி