படிக்கட்டுக் கஷாயம்

ஜூன் 1, திங்கள்

ஊரடங்கின் அறுபத்தொன்பதாம் நாள். இரண்டு அறை, ஒரு பால்கனி, ஒரு கணவர். மூன்றிலிருந்தும் தப்ப வழியில்லை.

பள்ளிக்கூடத்தை மூடினால் விளையாட்டு வாத்தியார் சும்மா இருப்பாரா? கட்டடத்தையே மைதானம் ஆக்கிவிட்டார். காலை ஆறு மணிக்கு இஞ்சி, மிளகு, ஏதோ வீடியோவில் சொன்ன கசப்புப் பட்டை எல்லாம் போட்டு நான் கொதிக்க வைக்க வேண்டும். ஏழுக்கு விசில். படிக்கட்டில் ஆளாளுக்கு டம்ளருடன் வந்து நிற்பார்கள். இவர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி, "நான் குடிக்கிறேன், பாத்துக்கோங்க" என்று முதல் டம்ளரைக் குடித்துக் காட்டிவிட்டு, ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்று ஊற்றுவார். இரண்டாம் மாடி வங்கிக்காரர் நழுவப் பார்த்தார். "சார், பாதி பாக்கி இருக்கு!" பெரிய அதிகாரி, பாவம், திரும்பி வந்து குடித்தார்.

அடுப்பு எனக்கு, பெருமை அவருக்கு.

ஜூன் 2

இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் அவரை யாரும் ஒரு ஆளாக மதித்ததில்லை. இப்போது பதினோரு வீடும் "மாஸ்டர், மாஸ்டர்" என்கிறது. அவர் சந்தோஷமாகத்தான் இருக்கிறார். கூட இருக்கிற எனக்குத்தான் மூச்சு முட்டுகிறது. பால்கனியில் நின்றால்கூட, "உள்ள வா, காத்துல வரும்."

ஜூன் 3, புதன்

"என்ன இது, தண்ணி மாதிரி இருக்கு? பட்டையப் போட மறந்துட்டியா?"

மறக்கவில்லை. கூட ஒரு பிடி போட்டுக் கொதிக்க வைத்தேன். "இப்பவும் சப்புன்னுதான் இருக்கு" என்றார். படியில் எல்லாரும் முகத்தைச் சுளித்தார்கள், ஒரு வீட்டுக்காரி செடித்தொட்டியில் ஊற்றிவிட்டாள். இவர் மட்டும் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, "பழகிட்டா இப்படித்தான். உடம்பு ஏத்துக்கிச்சு" என்று பிரசங்கம் வேறு.

பாத்திரம் தேய்க்கும்போது கரண்டியில் இருந்ததை நாக்கில் வைத்துப் பார்த்தேன். குமட்டிக்கொண்டு வந்தது. அவ்வளவு கசப்பு.

ஜூன் 4, வியாழன்

மத்தியானம் டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டேன். வேண்டுமென்றேதான்.

ஃபோனைப் பார்த்துக்கொண்டே முழுவதையும் குடித்தார். "இன்னைக்கு டீ நல்லா இருக்கு."

உப்பு போட்டதைச் சொன்னேன். சிரித்தார். எழுந்து போய் ஒரு துண்டு இஞ்சியை மென்றார். இன்னொரு துண்டு. பிறகு சிரிக்கவில்லை.

"யார்கிட்டயும் வாயத் திறக்காத. வெறும் ஜலதோஷமா இருக்கும். தெரிஞ்சா கதவுல தகரம் அடிச்சிருவாங்க. என் கையால குடிச்சவங்க என்னச் சும்மா விடுவாங்களா?"

"நாளைக்கு மட்டும் போகாதீங்க."

"போகலன்னா, ஏன் போகலன்னு கேக்க மாட்டாங்களா?"

கேட்பார்கள்தான். திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாகிவிட்டது எங்கள் கதை.

ஜூன் 5, வெள்ளி

அடுப்பைப் பற்றவைத்தது நான்.

கேஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். பாத்திரத்தைக் கை தவறிக் கொட்டியிருக்கலாம். படியில் இறங்கி ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். ஒன்றும் செய்யவில்லை. கொதிக்க வைத்து, துணி சுற்றி, அவர் கையில் கொடுத்தேன்.

ஏழரைக்குத் திரும்பி வந்தார். "கீழ்வீட்டு டெய்லர்கூட இன்னைக்கு வந்துட்டார், தெரியுமா!" டெய்லருக்கு ஆஸ்துமா. இத்தனை நாளும் கதவையே திறக்காத மனுஷர். இவர்தான் போய்த் தட்டிக் கூப்பிட்டிருக்கிறார்.

எனக்கு அப்போது என்னதான் வந்தது?

ஜூன் 6, சனி

விடியும்போது அவருக்கு உடம்பு கொதித்தது. அடுப்பை மூட்டவில்லை. "வேண்டாம்டி, சொன்னாக் கேளு" என்று அவர் சொல்லச் சொல்ல, சுகாதார அலுவலகத்துக்கு ஃபோன் செய்தேன். பிறகு பதினோரு வீட்டுக்கும், ஒவ்வொன்றாக.

"எப்பத் தெரிஞ்சுது?" என்று வங்கிக்காரர் கேட்டார்.

"இன்னைக்குக் காலையிலதான்" என்றேன்.

ஆம்புலன்சில் ஏறும்போது அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஜூன் 7

தகரம் அடித்துவிட்டார்கள். எனக்குக் காய்ச்சல் இல்லை.

ஜூன் 10, புதன்

டெய்லருக்குக் காய்ச்சலாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்களாம்.

எனக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை. வந்து தொலைத்தால்தான் என்ன?

ஜூன் 14

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் பேசினார். "எப்படி இருக்கீங்க?" என்றேன். "இருக்கேன்." வைத்துவிட்டார்.

ஜூன் 22, திங்கள்

நேற்று வீட்டுக்கு வந்தார். பாதி ஆளாக இளைத்திருக்கிறார். சாப்பிடும்போதும் தலையைத் தட்டிலிருந்து நிமிர்த்துவதில்லை.

இன்று பத்து மணிக்கு டெய்லரின் மனைவி ஃபோன் செய்தாள். நான் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தேன், ஸ்பீக்கரில் போட்டேன். அவர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் ஆக்சிஜன்லதான்க்கா இருக்கார். ரெண்டு நாள் போனாத்தான் சொல்ல முடியும்ங்கிறாங்க. உங்களுக்கு நன்றி சொல்லணும்னுதான் கூப்பிட்டேன். நீங்க துணிஞ்சு சொல்லலன்னா, நாங்க சாதாரணக் காய்ச்சல்னு வீட்டுலயே வச்சிருப்போம். அவர் ஒரே ஒரு நாள்தான்க்கா கஷாயம் குடிக்க வந்தார். அந்த வெள்ளிக்கிழமை. உங்களுக்கு ஒரு நாள் முன்னாடி தெரிஞ்சிருந்தா, அன்னைக்கே சொல்லியிருப்பீங்க. எனக்குத் தெரியாதா?"

"ஆமாம்மா, சொல்லியிருப்பேன்" என்றேன்.

ஆம்புலன்சில் ஏறிய நாளிலிருந்து முதல் தடவையாக, அவர் என் முகத்தை நேராகப் பார்த்தார்.