மூன்றாம் குழுவுக்கு நான் எழுதிய கருத்து

திண்டிவனம், 5-2-2018

எம்.ஏ. பொருளாதாரத்தில் கடைசி செமஸ்டருக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுத வேண்டுமாம். அரங்கநாதன் சார் கொடுத்த பத்து வருட மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விலைப் பட்டியல்தான் எல்லாக் குழுவுக்கும். பானுப்ரியாவின் மூன்றாம் குழு எழுதியதை நாங்கள் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும், எங்களுடையதை அவர்கள். பிறகு திருத்திக் கொடுப்பதை வெளித் தேர்வாளர் பார்ப்பார். முதலில் வரும் குழுத் தலைவருக்கு சாரின் ஆய்வில் ஒரு வருட வேலை. எங்கள் குழுவுக்கு நான்தான் தலைவி; எனக்கு அது வேண்டும். கிடைக்காவிட்டால் ஜூனில் வானூர் மாப்பிள்ளைதான் என்று அப்பா சொல்லிவிட்டார்.

8-2-2018

பானு குழுவின் புரோகிராமை ஓட்டிப் பார்த்தேன். ஏலம் நடக்காத மாதங்களுக்கெல்லாம் விலை சைபர்! அதையும் சேர்த்துச் சராசரி எடுத்து, மழைக்காலத்தில் விலை விழுகிறது என்று முடிவு. கார்த்திகையில் மல்லாட்டையைச் சும்மாவா அள்ளிக் கொடுக்கிறார்கள்? முதல் நான்கு வருட விலையை எதற்கோ ஒன்றேகாலால் வேறு பெருக்கியிருக்கிறார்கள். "தேவையற்ற வரி" என்று சிவப்பு மையில் எழுதினேன். எழுதும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

9-2-2018

சார் என் கருத்தை வகுப்பில் சத்தமாகப் படித்தார். சைபர் விலையைக் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள். "இப்படித்தான் எழுதணும்" என்றார். பானு தலையைத் தூக்கவே இல்லை.

வெளியே வந்து ஒன்றே ஒன்று கேட்டாள்: "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல மெர்லின்?"

இரண்டு வருடமாக ஒரே பெஞ்ச்.

14-2-2018, சாம்பல் புதன்

பானு எங்களுக்கு எழுதியது வந்தது. "மிக நன்று. குறை இல்லை." படித்தாளோ இல்லையோ. எனக்கென்ன, நல்லதுதானே.

12-3-2018

எல்லாம் போச்சு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பட்டியலின் ஓரத்தில் பொடி எழுத்தைக் காட்டினார். முதல் நான்கு வருடம் விலை மூட்டைக்கு, அதற்கப்புறம் குவிண்டாலுக்கு. நான் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, ஐந்தாம் வருடம் விலை எகிறிவிட்டது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். "ஏறினது விலை இல்லம்மா, எடை" என்றார்.

எண்பது கிலோ மூட்டை விலையை நூறு கிலோ குவிண்டால் விலையாக்கத்தான் அந்த ஒன்றேகால். என் கண் முன்னாடியே இருந்துச்சு. சிவப்பு மையில் அடிச்சேனே, பாவி!

பானு சைபர்களை எடுத்திருந்தாள். அந்த வரியை விட்டு வைத்திருந்தாள். மூன்றாம் குழு முதலிடம்.

13-3-2018

நேராகவே கேட்டேன். "எங்க தப்பு உனக்குத் தெரியுமாடி?"

"பாத்ததுமே தெரிஞ்சது. மூட்டை எத்தினி கிலோன்னு எங்க ஊரு வல்லத்துல நண்டு சிண்டுக்கும் தெரியும்."

"அப்புறம் ஏன் எழுதல?"

"எழுதினா சார் படிச்சுக் காட்டுவாரு, எல்லாரும் சிரிப்பாங்க. அன்னிக்கு நான் தலய குனிஞ்சிக்கினு உக்காந்திருந்தேனே, அது உனக்கு வேணாம்னு விட்டுட்டேன்."

நல்ல எண்ணமா, பழியா? முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை. நல்லா திட்டணும்னுதான் போனேன். திட்டாமலே திரும்பி வந்துட்டேன். அவளத் தனியா கூப்பிட்டுச் சொல்ல அன்னிக்கு எனக்கு என்ன கேடு வந்துச்சு?

வானூர், 9-7-2018

இவர் வேலைக்குப் போனபின் பானு வாட்ஸ்அப்பில் ஒரு புரோகிராம் அனுப்பினாள். சாரின் ஆய்வுக்கு அவளே தனியாக எழுதிய முதல் புரோகிராம். "நீ பாத்தாதான்டி எனக்குத் தைரியம். எதுவா இருந்தாலும் சொல்லு."

இரண்டு கிராமங்களை இரண்டு தடவை எண்ணியிருக்கிறாள். பார்த்தவுடனே கண்ணில் பட்டது. "பாத்துட்டேன், சரியா இருக்கு" என்று அனுப்பினேன்.

நாளைக் காலையில் சாரிடம் கொடுக்கப்போகிறாளாம்.