பிஞ்சுக்கு இட்ட கட்டளை

குரங்கணி, 8.3.2025

தங்கை சுப்புத்தாய்க்கு,

உன் மகன் சின்ராசு என் முப்பத்திரண்டு மாமரத்துக் காயையும் கொன்றுவிட்டான். நான் மதுரையில் கண் ஆபரேஷனுக்குப் படுத்திருந்தபோது, தோப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சாவி வாங்கியவன், குடோனில் பழுக்கவைக்கும் எத்திபான் மருந்தை மரத்தில் அடித்திருக்கிறான். தன் மரத்தில் சோதிக்கப் பயம். சோதனைக்கு என் மரம். கலக்கத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தவள் நீ என்று பக்கத்துத் தோட்டத்து அய்யம்மாள் சொன்னாள்.

கொட்டை முற்றாத காய் எப்படிப் பழுக்கும்? அந்த இளங்கொட்டைதான் ஆக்சின் என்ற ஊக்கியைச் சுரந்து காம்பைப் பிடித்துவைக்கிறது. நீங்கள் அடித்தது மரத்துக்குள் எத்திலின் வாயுவாக மாறும். முற்றிய காய்க்கு அது பழுக்கச் சொல்லும் கட்டளை. பிஞ்சுக்குக் காம்பை விடச் சொல்லும் கட்டளை. ஐந்தாவதோடு நின்ற நான் படித்துத் தெரிந்துகொண்டேன். பட்டம் வாங்கிய உன் மகனுக்குத் தெரியவில்லை. போன சனிக்கிழமை அடித்தது, இந்தச் சனிக்கிழமை தரையெல்லாம் பச்சையாகக் கிடக்கிறது.

இதை ஜீப்பில் கொடுத்தனுப்புகிறேன். போனை எடுக்க மாட்டேன். பதிலை எழுது.

ஒச்சப்பன்

*

போடி, 9.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கண் எப்படி இருக்கிறது? சொட்டு மருந்தை விடாமல் போடு.

தண்ணீர் இறைத்தது நான்தான். "மாமா காய்தான் மொத லோடா சந்தைக்குப் போகும், அவரே சந்தோசப்படுவாரு பாரு" என்றான். நம்பினேன். மூன்றாம் நாள் உன் மரத்தில் காயின் தோல் வெளுத்ததும், "ஆத்தா, மஞ்சத் தட்டுது!" என்று குதித்தான். வியாழக்கிழமை எங்கள் நாற்பது மரத்துக்கும் அடித்துவிட்டோம். இன்னும் விழவில்லை. ஆனால் காம்பு மஞ்சளாகிறது. இந்தக் காயை நம்பித்தான் என் மகள் பொற்கொடிக்கு வைகாசியில் முகூர்த்தம் வைத்திருக்கிறோம்.

திட்டு, அடி, வாங்கிக்கொள்கிறோம். வெரசா ஒரு வழி மட்டும் சொல் அண்ணே. குரங்கணி ஜீப்பில் கொடுத்துவிடுகிறேன், அதிலேயே பதில் அனுப்பு.

உன் தங்கை,
சுப்பு

*

குரங்கணி, 10.3.2025

சுப்புத்தாய்க்கு,

வழி இருக்கிறது. என்.ஏ.ஏ. என்ற மருந்து ஆக்சின் செய்யும் வேலையைச் செய்யும். காம்பு அறுபடுமுன் அடித்தால் பாதிக் காயாவது நிற்கலாம். புதன்கிழமை வரை உங்களுக்கு நேரம். மருந்து என் அலமாரியில் இருக்கிறது.

தங்கைதானே என்று ஒரு தடவை அலமாரி வரை போனேன். சன்னல் வழியே காய் உதிர்ந்து கிடக்கும் தரை தெரிந்தது. பதிலுக்குக் காத்து நின்ற ஜீப்பு டிரைவரிடம், "ஒன்னும் இல்ல, நீ போ அப்பு" என்று சொல்லிவிட்டேன். இதைத் தபாலில் போடுகிறேன். வெள்ளிக்கிழமை உன் கைக்கு வரும்.

இனி நடக்கவேண்டியதைக் கேள். இரண்டு தோப்பிலும் விழுந்ததைச் சின்ராசு தன் கையால் பொறுக்கவேண்டும். கூலிக்கு ஆள் விடக்கூடாது. என் தோப்புச் சாவியை அய்யம்மாளிடம் அவன் ஒப்படைக்கவேண்டும். காய் ஏன் இல்லை என்று சம்பந்தி வீட்டார் கேட்டால், காற்றில் விழுந்தது என்று சொல்லாமல், நடந்ததை நீ உன் வாயால் சொல்லவேண்டும். நான் வைகாசியில் தாய்மாமன் மாலையோடு வருவேன். அது பொற்கொடிக்கு நான் செய்யவேண்டியது. மாலையைப் போட்டதும் மேடையை விட்டு இறங்கிவிடுவேன். பந்தியில் எனக்கு யாரும் இலை போடவேண்டாம்.

ஒச்சப்பன்