மஞ்சள் வைத்த பதில் கடிதம்

என் வணக்கத்துக்கும் அன்புக்கும் என்றும் உரிய மல்லிகா அப்பாவுக்கு,

உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. இருபத்தோரு வருஷத்தில் எழுத வேண்டிய தேவையே வரவில்லை. பிரசவத்துக்குப் போளூரில் அம்மா வீட்டில் இருந்தபோதுகூட ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நீங்களே பஸ் ஏறி வந்துவிட்டீர்கள். நான் எழுத்துக் கூட்டக் கற்றது மளிகைச் சாமான் மடித்து வந்த காகிதங்களில். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. எல்லாம் செய்கிறேன். காலையில் குளிக்கிறேன், சாமி விளக்கு ஏற்றுகிறேன், உலை வைக்கிறேன். போன வாரம் பருப்பு அடிப்பிடித்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பங்கஜம் ஓடிவந்து சொன்ன பிறகுதான் எனக்கு வாசனை தெரிந்தது. அழுகை இன்னும் வரவில்லை. வராதது தப்பா? படவேட்டு அம்மனிடம் கேட்டேன்.

மல்லிகா டைப்பில் ஹையர் பாஸ் செய்துவிட்டாள். இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். பொம்பளைப் பிள்ளைக்கு மெஷின் எதற்கு என்று உங்கள் தம்பி கேட்டபோது, "ஏன், அதுக்கும் பத்து வெரலு இருக்குதே" என்றீர்களே, அந்தப் பத்து விரலும் வேலை செய்திருக்கிறது.

பாஸ் செய்த கையோடு பேப்பர் பார்த்து விண்ணப்பம் போட ஆரம்பித்தாள். உங்கள் தம்பிக்கு அது பிடிக்கவில்லை. தெரிந்த பெரிய மனிதர் ஒருவர் இருக்கிறார், அழைத்துப் போகிறேன், தகப்பன் இல்லாத பெண் என்று சொல்லிக் காலில் விழுந்தால் ஒரு வேலை போட்டுத் தரமாட்டாரா என்றார். மல்லிகா மாட்டேன் என்றாள். கார்த்திகைக்குள் தானாக வேலை தேடிக்கொள்கிறேன், கிடைக்காவிட்டால் சித்தப்பா சொல்கிற இடத்துக்கு வந்து சொல்கிறபடி நிற்கிறேன் என்று பேச்சு முடிந்தது. அப்போது ஆடி மாதம் நடந்துகொண்டிருந்தது.

அவள் எழுதிய முதல் விண்ணப்பத்தை எனக்குப் படித்துக் காட்டினாள். இன்ன பேப்பரில் உங்கள் விளம்பரம் பார்த்தேன், எனக்கு இன்னது தெரியும், கூப்பிட்டால் வருகிறேன். முடிந்துவிட்டது. எனக்கு அது கடிதமாகவே படவில்லை.

"இன்னாடி இது, நலமான்னுகூட கேக்கல?"

"அவரு இன்னா நம்ம மாமாவா, நலமான்னு கேக்க? அவருக்கு நூறு லெட்டர் வந்திருக்கும். ஜல்தியா படிக்கிற மாதிரி இருக்கணும்மா."

அப்பா தவறிவிட்ட விஷயத்தையாவது ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். பொய் இல்லையே, நடந்ததுதானே என்றேன். அவள் பேனாவை மூடினாள்.

"அப்பா செத்தத வச்சி வேலை கேக்க மாட்டேன்."

அந்தச் சொல்லை இந்த வீட்டில் யாரும் அதுவரை சொன்னதில்லை. தவறிட்டாரு, போய்ட்டாரு என்பார்கள். அவள் சொன்னாள். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

நோட்டுப் புத்தகத்தில் பக்கம் ஒதுக்கி, எந்தக் கம்பெனிக்கு என்றைக்குப் போட்டாள், எந்தத் தபாலில் போயிற்று என்று எழுதிவந்தேன். பதில் வந்ததா என்ற கட்டம் பதினாறு வரிக்குக் காலியாகவே இருந்தது. பதினேழாவதற்கு வந்தது. வேலூரில் ஒரு கம்பெனி ஆபீஸ். திங்கட்கிழமை காலை டைப் பரீட்சை, வருவதாக இருந்தால் முன்கூட்டியே கடிதம் எழுதித் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காதவர்களுக்கு இடம் இல்லை என்று எழுதியிருந்தார்கள். மல்லிகா நன்றி சொல்லி, கட்டாயம் வருகிறேன் என்று இரண்டே வரியில் பதில் எழுதி, கவரை ஒட்டி, தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். நல்ல காரியத்துக்குப் போகிற கடிதம், வெறும் கவராக எப்படி அனுப்புவது? நாலு மூலைக்கும் மஞ்சள் வைக்க நினைத்தேன். என் கை இப்போது அதற்கு ஆகாது என்று தெரியும். பங்கஜத்தைக் கூப்பிடப் போனேன். அவள் தேவிகாபுரத்துக்கு ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தாள். தபால் எடுக்கும் நேரம் ஆகிக்கொண்டிருந்தது. சாமி மாடத்தின் முன்னால் வைத்து, அம்மா தாயே என்று சொல்லி, நானே குழைத்து நாலு மூலையிலும் தடவினேன். மல்லிகாவிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் போனோம். ஆபீஸ் கூடத்தில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஹெட் கிளார்க் பட்டியலைப் படித்தார். மல்லிகாவின் பெயர் வரவில்லை. அவள் எழுந்து போய், தான் பதில் போட்டிருப்பதாகச் சொன்னாள். குரல் உயரவில்லை. வியாழக்கிழமை காலைத் தபால் என்று தேதியோடு சொன்னாள். அவர் தபால் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வரவில்லையே அம்மா, வந்திருந்தால் பட்டியலில் இருக்குமே என்றார். அவர் பேரில் கோபம் இல்லை. பொறுமையாகத்தான் சொன்னார்.

மேசை ஓரத்தில் ஒரு கம்பிக் கூடை இருந்தது. ஆவணி மாதமாயிற்றே, கூடையில் கல்யாணப் பத்திரிகைகள். எல்லாவற்றுக்கும் மஞ்சள் மூலை. நடுவில் ஒரு கவரில் மல்லிகாவின் எழுத்து தெரிந்தது.

சொன்னால், அத்தனை பெண்கள் எதிரில், வெறும் திருநீறு நெற்றியோடு நிற்கிற நான் மஞ்சள் தொட்டேன் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மல்லிகா வீட்டுக்குத் திரும்ப வேண்டும், கார்த்திகை வந்துவிடும், உங்கள் தம்பி வருவார். ஏழு மாதமாக மரத்துக் கிடந்த கையை நீட்டிக் கூடையைக் காட்டினேன்.

"சார், அந்தப் பத்திரிகைங்க நடுவுல இருக்கறது எங்க கடிதாசிங்க. மஞ்சள் வச்சது நானு. பொண்ணுக்குத் தெரியாது."

அவர் கூடையிலிருந்து எடுத்துப் பிரித்தார். படித்தார். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுச் சிரித்தார்.

"நாலு கல்யாணத்தோட அஞ்சாவதா சேத்துட்டேன்மா. சாப்பாட்டுக்கு எந்த ஊருன்னு சாயங்காலம் பாக்கலாம்னு இருந்தேன்."

பெண்கள் சிரித்தார்கள். மல்லிகா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எட்டு மெஷின், எட்டுப் பேர், பட்டியலும் உள்ளே போய்விட்டது என்று அவர் சொன்னார். "எல்லாரும் முடிச்சப்புறம் ஒரு மெஷின் காலியாகும் இல்லீங்களா சார், அதுவரைக்கும் காத்துகினு இருக்கேன். முடியாதுன்னா, அடுத்த தடவைக்கு இப்பவே எழுதிக் குடுத்துட்டுப் போறேன்" என்றாள் அவள். கெஞ்சவில்லை. உங்கள் பட்டுக் கடை முதலாளியிடம் நீங்கள் லீவு கேட்பது போல இருந்தது.

அவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். உட்காரச் சொன்னார். காகிதத்தில் பெயர் குறித்துக்கொண்டே, "அப்பா இன்னாம்மா பண்றாரு?" என்றார்.

மல்லிகா இப்போதுதான் என்னைப் பார்த்தாள். அன்றைக்கு விண்ணப்பத்தில் நான் சேர்க்கச் சொன்ன அந்த வரி என் நாக்கு நுனியில் நின்றது. சொல்லியிருந்தால் அவர் மனது இளகியிருக்கும், வேலைகூட அங்கேயே முடிவாகியிருக்கும். அந்தக் கண்ணைப் பார்த்த பிறகு என்னால் சொல்ல முடியவில்லை.

"ஆரணியில பட்டுக் கடையில புடவை பார்சலுக்கு விலாசம் எழுதறாருங்க" என்றேன். "பொண்ணு டைப் அடிக்கறத மட்டும் பாருங்க சார்."

அவர் என் நெற்றியை ஒரு தடவை பார்த்தார். வேறொன்றும் கேட்கவில்லை. அவருக்குப் புரிந்திருக்குமா? புரிந்தும் விட்டுவிட்டாரா? இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

மத்தியானத்துக்கு மேல்தான் மெஷின் காலியானது. கூடத்தில் நான் தனியாக உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஒரு மணி நேரம் நீங்கள் ஆரணியில் கடையில் உட்கார்ந்து விலாசம் எழுதிக்கொண்டிருந்தீர்கள். நான் சொல்லிவிட்டேன் அல்லவா. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் நீங்கள் வந்திருப்பீர்கள், ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்பீர்கள். பொய் சொன்ன பாவம் ஒரு பக்கம் இருக்கட்டும். அது எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?

பஸ் கண்ணமங்கலம் தாண்டியது. நானாகத்தான் ஆரம்பித்தேன். என் கை பட்டதால்தான் இப்படி ஆகிவிட்டது என்றேன்.

"உன் கை இல்லம்மா, மஞ்சள்தான். பங்கஜம் அத்தை வச்சி அனுப்பியிருந்தாலும் அதே கூடைதான்."

கொஞ்ச நேரம் கழித்து, "அப்பாவ பத்தி நீ சொன்னது பொய்யி" என்றாள். ஆமாம் என்றேன். என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அல்லது தூங்குவது போல இருந்தாள்.

பத்தாவது நாள் கடிதம் வந்தது. வேலை கிடைத்துவிட்டது. பரீட்சையில் அவள்தான் முதல் என்று எழுதியிருந்தார்கள். ஒன்றாம் தேதி சேர வேண்டும். பங்கஜம் சர்க்கரை கொண்டுவந்தாள். உங்கள் தம்பியும் வந்தார். யார் சிபாரிசு என்று கேட்டார். யாரும் இல்லை என்று மல்லிகா சொன்னதை நம்பாமலே காபி குடித்துவிட்டுப் போனார். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். அது எங்கோ அடுத்த தெருவில் நடக்கிற மேளச் சத்தம் போலக் கேட்டது.

கடிதத்தோடு ஒரு படிவமும் இருந்தது. மல்லிகா எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு, ஒரு கட்டத்தை மட்டும் விட்டு என் முன்னால் வைத்தாள். தகப்பனார் பெயர், இருக்கிறாரா, என்ன தொழில்.

"அங்க நீ சொன்னதையே எழுதணும்னாலும் எழுதிக்கோ. ஆனா இதுல கையெழுத்து போடறது நானு. இன்னா எழுதறேன்னு பாத்து எழுதும்மா."

மூன்று நாளாக அது சாமி மாடத்தில் இருக்கிறது. ரேஷன் கார்டிலும் நாம் இன்னும் மூன்று பேர்தான். தாலுகா ஆபீசில் போய் ஒரு பெயரை அடிக்கச் சொல்ல எனக்கு எப்படி வாய் வரும்? எந்தக் காகிதத்திலும் அந்த ஒரு சொல்லை நான் இதுவரை எழுதவில்லை. எழுதாத வரைக்கும் அது முடிவாகவில்லை என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேனோ, என்னவோ.

ஆனால் உங்கள் மகள் ஒரு பொய்யின் கீழே கையெழுத்துப் போட்டு வேலைக்குப் போகக் கூடாது. நாளைக் காலை விளக்கேற்றிவிட்டு அதை எடுத்து எழுதுவேன். உங்கள் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. எழுதினால் குற்றமில்லை என்று நினைக்கிறேன். பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று எழுதுவேன். அடித்துத் திருத்தாமல், ஒரே தடவையில் எழுதுவேன். அப்போது அழுகை வந்தால், காகிதத்தில் படாமல் தள்ளி உட்கார்ந்துகொள்வேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

என்றும் உங்கள் வீட்டுக்காரி,
மல்லிகாவின் அம்மா